கேஎஸ்பி 2 இப்போது வாங்கலாமா? ரிவியூக்களில் எது கோளாறு, எது கோபம்?

முதல் கேள்வி: ராக்கெட்ரசிகன்

ராக்கெட் கட்டி விண்வெளிக்கு ஏவும் கேமான கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் 2 (கேஎஸ்பி 2) ஸ்டீமில் இன்னும் எர்லி ஆக்சஸ், அதாவது முழுமை பெறும் முன்பே விற்கும் கேம், என்ற பெயரிலேயே விற்கிறது. தள்ளுபடி வரும்போதெல்லாம் விலை இழுக்கிறது. ரிவியூ பக்கத்தைத் திறந்தால் ஒரே சிவப்பு. ஒருவர் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம் வருகிறது என்ற எண்) 15-ஐத் தாண்டவில்லை என்கிறார், இன்னொருவர் விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியையே கெடுத்துவிடும் என்கிறார், மூன்றாமவர் ஏமாற்று வேலை என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார். எது எந்தப் பேட்ச் காலத்துப் புகார், எது இன்றைக்கும் உண்மை என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

என் சிஸ்டம்: ரைசன் 5 5600, ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி, 16 ஜிபி ரேம், விண்டோஸ் 11, 1080பி மானிட்டர். முதல் பாகம் நன்றாகத் தெரியும்.

கடைசிப் பேட்சில் மிச்சமிருக்கும் கோளாறுகள் எவை, மாட் (பயனர்கள் செய்யும் கூடுதல் நிரல்) போட்டுச் சரிசெய்யக்கூடியவை எவை, யாராலும் சரிசெய்ய முடியாதவை எவை? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பதில்: சுற்றுப்பாதை

ரிவியூவைத் தேதி பார்த்துப் படித்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஸ்டீம் ரிவியூ பகுதியின் மேலே இருக்கும் வரைபடத்தில் காலத்தைத் தேர்வு செய்யலாம். மூன்று காலங்களைத் தனித்தனியாகப் படியுங்கள்.

முதலாவது 2023 பிப்ரவரி 24 வெளியீடும் அதை ஒட்டிய வாரங்களும். அங்கே பேச்செல்லாம் எஃப்பிஎஸ், தள்ளாடும் ராக்கெட், மறைந்துபோகும் பாதைக்கோடு பற்றியதுதான். வெளியீட்டுக்கு ஒரு வாரம் முன்பு சிஸ்டம் தேவைகளை அறிவித்தார்கள்: குறைந்தபட்சம் ஆர்டிஎக்ஸ் 2060, பரிந்துரை ஆர்டிஎக்ஸ் 3080. முதல் பாகத்தைச் சாதாரண லேப்டாப்பில் ஓட்டிப் பழகியவர்களுக்கு அதுவே அதிர்ச்சி. ஆகவே கேம் கைக்கு வரும் முன்பே கோபம் தொடங்கிவிட்டது. முதல் பேட்ச் மார்ச் 16-ல்தான் வந்தது. இந்தக் காலத்து ரிவியூக்களில் தொழில்நுட்பத் தகவல் நிறைய இருக்கும், ஆனால் பலவும் பழசு.

இரண்டாவது 2023 டிசம்பர் 19-ல் வந்த 0.2.0, 'ஃபார் சயின்ஸ்' அப்டேட். ஆய்வு முறை, பணிகள், வளிமண்டலத்துக்குள் திரும்பும்போது உண்டாகும் வெப்பம் எல்லாம் அதில்தான் சேர்ந்தன. அதற்குப் பின் இரண்டு மாத ரிவியூக்கள் நன்றாகவே ஏறின. உங்களுக்கு இன்று கிடைக்கப்போகும் கேம் கிட்டத்தட்ட இதுதான். ஆகவே இந்தக் காலத்து ரிவியூக்களைத்தான் உன்னிப்பாகப் படிக்க வேண்டும். பிடித்தது என்று எழுதியவர்கள் கூட எந்தக் குறையைச் சொல்கிறார்கள் என்று பாருங்கள்.

மூன்றாவது 2024 மே தொடங்கி இன்றுவரை. இந்தக் கேமைச் செய்த இன்டர்செப்ட் கேம்ஸ் ஸ்டுடியோவை மூடுவது தெரிந்த பிறகு எழுதியவை. அந்த ஜூனில் 0.2.2 என்ற சிறு பேட்ச் வந்தது, அதோடு சரி. இந்தக் காலத்துச் சிவப்பு முழுக்கக் கைவிடப்பட்டதற்கான கோபம். கோபம் நியாயமானது, ஆனால் உங்கள் 3060-ல் எப்படி ஓடும் என்று அதிலிருந்து தெரியாது.

இன்னொன்று. நீண்ட நாள் அப்டேட் வராத எர்லி ஆக்சஸ் கேம்களின் பக்கத்தில், கடைசி அப்டேட் வந்து இத்தனை மாதம் ஆகிவிட்டது, கீழே இருக்கும் திட்ட விவரங்கள் காலாவதியாகியிருக்கலாம் என்று ஸ்டீமே 2025-லிருந்து எச்சரிக்கை போடுகிறது. எந்த எர்லி ஆக்சஸ் கேம் வாங்கினாலும் ரிவியூவுக்கு முன் அதைத்தான் பார்க்க வேண்டும்.

---

பதில்: நட்டுபோல்ட்டு

எஃப்பிஎஸ் விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். "15 எஃப்பிஎஸ்" என்று மொத்தமாகச் சொல்வதில் இரண்டு வேறு நோய்கள் கலந்திருக்கின்றன. மருந்தும் வேறு.

ஒன்று நிலப்பரப்பு. கோளின் தரையை வரையும் முறை முதல் பாகத்திலிருந்து வந்த அதே பிக்யூஎஸ் என்ற வழி. அதை மேம்படுத்தித்தான் இரண்டாம் பாகத்தில் பயன்படுத்தினார்கள். புதிய முறைக்கு மாற்றப்போவதாக டெவலப்பர் வலைப்பதிவில் எழுதினார்கள், அது வந்து சேரவில்லை. இந்தச் சுமை ஜிபியு தலையில் விழும். மற்றொன்று ராக்கெட் பாகங்களின் எண்ணிக்கை. ஒவ்வொரு பாகமும் தனி இயற்பியல் பொருள். பாகங்களை இணைக்கும் மூட்டுகள், எரிபொருள் ஓட்டம் எல்லாவற்றையும் சிபியு கணக்கிட வேண்டும், அதிலும் ஒரு கலத்தின் மூட்டுக் கணக்கு பெரும்பாலும் ஒரே கோர் மேல் விழுகிறது. 4090 வாங்கிப் போட்டாலும் இதற்குப் பயனில்லை.

எது உங்களைப் பிடித்திருக்கிறது என்று கண்டுபிடிக்க இரண்டு நிமிடம் போதும். ஏவுதளத்தில் ராக்கெட்டை நிறுத்திவிட்டு, எஃப்பிஎஸ் கவுண்டரைத் திறந்து வைத்து, கேமராவைத் தரையிலிருந்து வானத்துக்குத் திருப்புங்கள். எஃப்பிஎஸ் சட்டென ஏறினால் சிக்கல் நிலப்பரப்பில், அதாவது ஜிபியு. ஏறாமல் அப்படியே இருந்தால் சிபியு. உறுதி செய்ய 20 பாகம் உள்ள சின்ன ராக்கெட்டை வைத்து அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

ஜிபியு என்றால் ரெசல்யூஷனை 1080-க்கு மேல் ஏற்றாதீர்கள், ஆன்டி ஏலியாசிங், நிழல், மேகம் மூன்றையும் இந்த வரிசையிலேயே குறையுங்கள். ஒவ்வொன்றாகக் குறைத்துப் பாருங்கள், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் குறைத்தால் எது உதவியது என்றே தெரியாது. சிபியு என்றால் செட்டிங்ஸில் செய்ய ஒன்றுமில்லை, கலத்தைத்தான் மெலிய வைக்க வேண்டும். நான்கு சின்ன டேங்க் அடுக்குவதற்குப் பதில் ஒரு பெரிய டேங்க், ஒன்பது சின்ன எஞ்சினுக்குப் பதில் ஒரு பெரிய எஞ்சின். 100 பாகத்துக்குள் நிறுத்தினால் 5600 சமாளிக்கும். விண்வெளி நிலையம் கட்டி, அதனுடன் இன்னொரு கலத்தை இணைக்கும்போதுதான் பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள், ஏனென்றால் இரண்டு கலத்தின் பாகங்களும் அப்போது ஒன்றாகக் கணக்கில் வருகின்றன.

தள்ளாட்டமும் இதே மூட்டு விவகாரம்தான். மூட்டுகளைச் சரிசெய்யும் கணக்கு ஒவ்வொரு நொடிப்பகுதியிலும் குறிப்பிட்ட தடவை மட்டுமே ஓடும். நீளமான ஒல்லி ராக்கெட்டில் பிழை கீழிருந்து மேலே சேர்ந்துகொண்டே போகும். லேசான டீகப்ளருக்கு (அடுக்குகளைப் பிரிக்கும் பாகம்) மேலும் கீழும் பாரமான டேங்க் இருந்தால் இன்னும் மோசம். 0.2.0-ல் இதைப் பெரிதும் அடக்கிவிட்டார்கள். அதற்கு முன் எழுதிய "நூடுல்ஸ் ராக்கெட்" ரிவியூக்களை இப்போது கணக்கில் எடுக்க வேண்டாம்.

---

பதில்: அபோஜி

ரெஜிஸ்ட்ரி புகார் முழு உண்மை, 2023 அக்டோபரில் பயனர்கள்தான் கண்டுபிடித்தார்கள். அது ஏன் நடந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் யூனிட்டி எஞ்சினில் செய்த எந்தக் கேமிலும் நடக்கலாம்.

யூனிட்டியில் பிளேயர் பிரெஃப்ஸ் என்று ஒரு வசதி உண்டு. ஒலி அளவு, மொழி போன்ற சின்னச் சின்ன விருப்பங்களைச் சேமிக்க வைத்தது. விண்டோஸில் அது நேராக ரெஜிஸ்ட்ரியில் எழுதும். அந்த இடத்தில் நிலப்பரப்பு சம்பந்தமான பதிவுகள் திரும்பத் திரும்பப் புதிய பெயரில் எழுதப்பட்டு, பழையவை அழிக்கப்படாமல் குவிந்தன. சிலருக்கு நூற்றுக்கணக்கான எம்பி வரை போனது. ஒரு பயனரின் ரெஜிஸ்ட்ரிப் பகுதி என்டியூசர்.டேட் என்ற ஃபைலில் இருக்கிறது, லாகின் செய்யும்போதே அது ஏறும். ஆகவே கேமைத் திறக்காவிட்டாலும் லாகின், ஷட்டவுன் இரண்டும் மந்தமாகும். அன்இன்ஸ்டால் செய்தாலும் குப்பை போகாது. இதனால்தான் எதிர்வினை அவ்வளவு காட்டமாக இருந்தது. கேமுக்குள் நடக்கும் கோளாறைப் பொறுத்துக்கொள்பவர் கூட, கேமுக்கு வெளியே தன் கம்ப்யூட்டரைத் தொட்டால் பொறுக்கமாட்டார்.

அந்த மாத இறுதியில் வந்த 0.1.5 பேட்சிலேயே இது சரியாகிவிட்டது. புதிதாக வாங்குபவருக்குக் கவலை இல்லை. ஆனால் 2023-ல் விளையாடிவிட்டு அழித்தவர்கள் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கேமை மூடிவிட்டு விண்டோஸ் பட்டனோடு ஆர் அழுத்தி ரெக்எடிட் திறங்கள். கரன்ட் யூசர் கிளைக்குள் சாஃப்ட்வேர், அதற்குள் இன்டர்செப்ட் கேம்ஸ், அதற்குள் கேமின் பெயர். அந்தக் கிளையைத் திறக்காமல், பெயர் மேல் ரைட் கிளிக் செய்து எக்ஸ்போர்ட் கொடுங்கள். வரும் ஃபைலின் அளவைப் பாருங்கள். சில கேபி என்றால் பிரச்சினை இல்லை. பல எம்பி இருந்தால், அந்த ஒரு கிளையை மட்டும் அழித்துவிடலாம். எக்ஸ்போர்ட் செய்த ஃபைலே பேக்கப். கிளையைத் திறந்து பார்க்கப்போனால் ரெக்எடிட் உறைந்துபோக வாய்ப்பு உண்டு, அப்போது கமாண்ட் ப்ராம்ப்ட் வழியாக அழிப்பதுதான் சுலபம்.

சேவ் ஃபைல்கள் அங்கே இல்லை, பயப்பட வேண்டாம். அவை ஆப்டேட்டா ஃபோல்டரின் லோக்கல்லோ பகுதியில் இருக்கின்றன. கேமின் செட்டிங்ஸில் சில மட்டும் பழைய நிலைக்குத் திரும்பும். அழித்த பிறகும் என்டியூசர்.டேட் உடனே சுருங்காது. உள்ளே காலியான இடத்தை விண்டோஸ் பின்னால் பயன்படுத்திக்கொள்ளும்.

---

பதில்: தரைக்கட்டுப்பாடு

மேலே உள்ளவர்கள் கோளாறுகளை நன்றாக விளக்கிவிட்டார்கள். எதிர்வினை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். "எர்லி ஆக்சஸ் என்றால் பக் இருக்கத்தானே செய்யும்" என்ற வாதம் இந்தக் கேமுக்குப் பொருந்தாது.

முதல் பாகமும் எர்லி ஆக்சஸில் வளர்ந்ததுதான். 2011-ல் முதன்முதலில் வெளிவந்து, 2015 ஏப்ரலில்தான் 1.0 ஆனது. அந்த நான்கு வருடமும் கிராக்கன் (இயற்பியல் கணக்குப் பிழைக்கு ரசிகர்கள் வைத்த பெயர்) வந்து கலத்தைச் சிதறடித்தபோது யாரும் இந்த அளவுக்குக் கொதிக்கவில்லை. ஒரு சின்னக் குழு, குறைந்த விலை, ஒவ்வொரு பதிப்பிலும் கண்ணுக்குத் தெரிந்த முன்னேற்றம். இரண்டாம் பாகம் 2019 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டு, 2020-ல் வரும் என்று சொல்லி, மூன்று வருடம் தள்ளி, 49.99 டாலருக்கு வந்தது. முதல் பாகத்தின் முழு விலையைவிட 10 டாலர் அதிகம். வந்தபோது முதல் பாகத்தில் இருந்த கேரியர் முறை, ஆய்வு முறை கூட இல்லை. காலனி, வேறு விண்மீன் மண்டலங்கள், வளம் தோண்டுதல், மல்டிபிளேயர் என்று அட்டவணையில் போட்டார்கள். அதில் ஆய்வு மட்டுமே வந்தது.

முழு விலை கொடுத்தவரிடம் பொறுமையை எதிர்பார்க்கக் கூடாது. விற்றவர் முழு விலை கேட்ட அன்றே பொறுமை கேட்கும் உரிமையை இழந்துவிட்டார்.

---

பதில்: நட்டுபோல்ட்டு

விலை பற்றிச் சொன்னதில் மறுப்பு இல்லை. ஆனால் விலையையும் வெளியீட்டுத் தேதியையும் நிர்ணயித்தது பதிப்பாளர் தரப்பு. வசவு போய் விழுந்தது ஃபோரத்தில் வந்து பதில் எழுதிய புரோகிராமர்கள் மேல். கெர்ப் என்ற பெயரில் முக்கியமான பக்குகளின் நிலவரத்தை வரிசையாக வெளியிட்டுக்கொண்டிருந்தார்கள்: எதை ஆராய்கிறோம், எது அடுத்த பேட்சில் சரியாகும் என்று. எத்தனை பெரிய கம்பெனி அதைச் செய்கிறது? பயனர்கள் வாக்களித்து மேலே கொண்டுவந்த பக்குகள் உண்மையிலேயே சரியாகின. சுற்றுப்பாதை தேய்வு அப்படித்தான் கவனத்துக்கு வந்தது.

---

பதில்: தரைக்கட்டுப்பாடு

அதை ஒத்துக்கொள்கிறேன். தனி ஆட்களைத் திட்டியது தவறு. நான் பேசுவது ரிவியூ மதிப்பெண்ணைப் பற்றி. அது அடுத்து வாங்குபவருக்கான எச்சரிக்கை, புரோகிராமரின் உழைப்புக்கான மதிப்பெண் இல்லை.

---

கேள்வி: ராக்கெட்ரசிகன்

மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். சுற்றுப்பாதை தேய்வு என்பது இப்போதும் இருக்கிறதா, அதை எப்படிச் சோதிப்பது? வாங்கினால் ஸ்டீம் ரீஃபண்டுக்கான 2 மணி நேரத்துக்குள் முடிவெடுக்க முடியுமா?

---

பதில்: சுற்றுப்பாதை

தேய்வு என்பது இது: எஞ்சின் அணைந்து, வளிமண்டலத்துக்கு வெளியே மிதக்கும் கலத்தின் உச்சப்புள்ளியும் தாழ்புள்ளியும் தாமாகவே மாறிக்கொண்டே போவது. 0.1 காலத்தில் பரவலாக இருந்தது, பிற்பாடு பேட்ச்களில் வெகுவாகக் குறைந்தது. பாகங்களின் மூட்டுகளில் வரும் நுண்ணிய நடுக்கம் முழுதாகச் சமன் ஆகாமல், மொத்தக் கலத்துக்கும் ஒரு சிறு தள்ளலாகச் சேர்ந்துவிடுவதுதான் அடிப்படை. டைம் வார்ப்பில் (நேரத்தை வேகமாக ஓட்டும்போது) கலம் கணித்த பாதையில் நகர்வதால் அப்போது தேய்வு நின்றுவிடும்.

சோதிக்கும்போது தாழ்புள்ளி 70 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கேமின் சொந்தக் கோளான கெர்பினின் காற்று அதுவரை உண்டு, அதற்குக் கீழே உயரம் குறைந்தால் அது பக் இல்லை. 80-க்கு மேல் ஏற்றி, எஸ்ஏஎஸ் (கலத்தைத் தானாக நிலைநிறுத்தும் வசதி) அணைத்து, இரண்டு புள்ளிகளின் உயரத்தையும் குறித்துக்கொண்டு, சாதாரண வேகத்தில் இரண்டு நிமிடம் எதையும் தொடாமல் விடுங்கள். எண் ஒரே திசையில் நகர்ந்துகொண்டே இருந்தால் உங்கள் கலத்தில் கோளாறு இருக்கிறது. எண் முன்னும் பின்னும் சில மீட்டர் ஆடுவது பரவாயில்லை.

ரீஃபண்ட் விதி: வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஓடியிருக்க வேண்டும். கேமுக்கு முன் லாஞ்சர் ஜன்னல் வந்தால், அது திறந்து கிடக்கும் நேரமும் ஸ்டீம் கணக்கில் சேரும் என்பதை மறக்க வேண்டாம். ஆகவே லாஞ்சரைத் திறந்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். ஸ்டீமின் லாஞ்ச் ஆப்ஷனில் கேமின் எக்ஸி ஃபைலுக்கு நேராக வழி கொடுத்து லாஞ்சரைத் தாண்டவும் முடியும்.

நேரத்தை இப்படிச் செலவழியுங்கள். பயிற்சி வீடியோக்களை யூடியூபில் முன்பே பார்த்துவிடுங்கள், கேமுக்குள் வேண்டாம். முதல் கால் மணி நேரம் மேலே சொன்ன வானம்-தரை சோதனையும் செட்டிங்ஸும். அடுத்த அரை மணி நேரம் 40 பாகம் அளவுக்கு ஒரு ராக்கெட்டைக் கட்டிச் சுற்றுப்பாதைக்கு ஏற்றுங்கள். முதல் பாகம் தெரிந்தவருக்கு 3,400 மீட்டர்/நொடி டெல்டா-வி (ராக்கெட் மொத்தமாகத் தரக்கூடிய வேக மாற்றம்) போதும் என்பது தெரிந்ததுதான். மேலே போனதும் தேய்வுச் சோதனை. பிறகு சேவ் செய்து, முழுவதுமாக வெளியே வந்து, திரும்ப லோட் செய்யுங்கள். பாதைக்கோடு வருகிறதா, கலம் பறந்துகொண்டிருக்கும்போதே "தரையிறங்கியது" என்று காட்டுகிறதா என்று பாருங்கள், இந்த இரண்டும் ஒரே பக். கடைசியாகக் கெர்பினின் நிலவான 'முன்' மீது ஒரு தரையிறக்கம். கால்கள் தரையில் பட்டதும் கலம் துள்ளுகிறதா, சறுக்குகிறதா? இத்தனையும் ஒன்றரை மணி நேரத்தில் முடியும். திருப்தி இல்லையென்றால் தயங்காமல் ரீஃபண்ட் போடுங்கள்.

---

பதில்: அபோஜி

மாட் பற்றி யாரும் சொல்லவில்லை. மாட்டுகளை நிறுவித் தரும் சிகேஏஎன் என்ற மென்பொருள் இந்தக் கேமையும் ஆதரிக்கிறது. அதில் 'கம்யூனிட்டி ஃபிக்சஸ்' என்ற மாட்டைத் தேடிப் போடுங்கள், அதற்குத் தேவையான பெப்இன்எக்ஸ், ஸ்பேஸ்வார்ப் இரண்டையும் சிகேஏஎன் தானாகவே இழுத்துக்கொள்ளும். ரீஃபண்ட் சோதனையை மட்டும் மாட் இல்லாமல் செய்யுங்கள். இல்லையென்றால் கோளாறு கேமில் இருக்கிறதா மாட்டில் இருக்கிறதா என்று தெரியாது.

மாட்டால் முடியாதவையும் உண்டு. நிலப்பரப்பின் சுமை, பாக எண்ணிக்கையின் சுமை இரண்டும் எஞ்சினின் அடித்தளத்தில் இருப்பவை. அட்டவணையில் இருந்த காலனி, மல்டிபிளேயர் வரப்போவதில்லை.

சேவ் ஃபோல்டரை வாரம் ஒருமுறை வேறு டிரைவுக்கு நகல் எடுங்கள். ஒரே குவிக்சேவை (ஒரு பட்டனில் செய்யும் சேவ்) நம்பாமல், ஏவும் முன், சுற்றுப்பாதை அடைந்ததும், இணைப்புக்கு முன் என்று பெயர் வைத்துத் தனித்தனியாகச் சேவ் செய்யுங்கள். கலம் பிரிந்தவுடன் கட்டுப்பாடு போய்விடும் பக்கில் மாட்டினால் இணைப்புக்கு முந்தைய சேவ்தான் காப்பாற்றும்.

---

பதில்: நட்டுபோல்ட்டு

இந்தக் கேமுக்கு இனி பக் ரிப்போர்ட் அனுப்பிப் பயனில்லை, ஆனால் உயிரோடு இருக்கும் எர்லி ஆக்சஸ் கேம்களுக்கு அனுப்புபவர்களுக்காக ஒரு வார்த்தை. "கேம் கிராஷ் ஆகுது, சரி பண்ணுங்க" என்பதை யாராலும் சரிசெய்ய முடியாது. பதிப்பு எண், சிபியு, ஜிபியு, டிரைவர் பதிப்பு, மாட் இருக்கிறதா இல்லையா, எந்த மூன்று நான்கு செயலைச் செய்தால் திரும்ப வருகிறது, பத்து முறை செய்தால் எத்தனை முறை வருகிறது. அதோடு சேவ் ஃபைலும் லாக் ஃபைலும். யூனிட்டி கேம் என்றால் லோக்கல்லோ ஃபோல்டரில் கேமின் பெயருக்குள் பிளேயர் லாக் இருக்கும். கிராஷ் ஆனதும் கேமைத் திரும்பத் திறக்கும் முன் அதை நகல் எடுங்கள். திறந்தால் பழையது 'பிரெவ்' என்று பெயர் மாறும், இரண்டாவது முறை திறந்தால் போயே போச்சு.

நெகட்டிவ் ரிவியூவிலும் இதே விவரத்தை இரண்டு வரியில் எழுதுங்கள். எந்தப் பதிப்பு, எந்தக் கார்டு, எங்கே உடைகிறது. பேட்ச் வந்து சரியானால் அந்த ரிவியூவைத் திருத்தவும் செய்யுங்கள். ஸ்டீமில் அதற்கு வழி இருக்கிறது, பயன்படுத்துபவர்தான் குறைவு.

---

பதில்: ராக்கெட்ரசிகன்

அனைவருக்கும் நன்றி. காலனியும் மல்டிபிளேயரும் வராது என்பதே என் முடிவுக்குப் போதுமான விஷயம். எனக்கு அவைதான் வேண்டியிருந்தன. முதல் பாகத்துக்கே திரும்பி, தரையை அழகாக்கும் பேரலாக்ஸ் மாட் போட்டுப் பார்க்கிறேன். 16 ஜிபி ரேம் அதற்குத் தாங்குமா?

---

பதில்: அபோஜி

பேரலாக்ஸும் மேக மாட்டும் மட்டும் என்றால் தாங்கும். கூடவே பெரிய பாக மாட்டுகளைச் சேர்த்தால் லோட் ஆகும்போதே 16 நிரம்பிவிடும், ஏனென்றால் முதல் பாகம் எல்லா ராக்கெட் பாகங்களின் டெக்ஸ்சரையும் (மேற்பரப்புப் படங்கள்) தொடக்கத்திலேயே மெமரியில் ஏற்றிவிடும். பயன்படுத்தாத பாகத் தொகுப்புகளைச் சிகேஏஎன்-ல் நீக்கிவிட்டு ஆரம்பியுங்கள். பதிப்பு 1.12.5 என்று உறுதி செய்துகொள்ளுங்கள், பெரும்பாலான மாட்டுகள் அதற்குத்தான் இருக்கின்றன.